மாஸ்டரின் வலது கால்

இந்த ஊரில் கார் ஓட்டத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் மாஸ்டரிடம் கற்றுக்கொண்டவர்கள். மீதிப் பாதிப் பேர், அவரிடம் கற்றுக்கொண்டவர்கள் ஓட்டுவதைப் பார்த்துவிட்டு வேறு இடத்துக்குப் போய்க் கற்றுக்கொண்டவர்கள்.

மாஸ்டரின் டிரைவிங் ஸ்கூல், ஒரு ஜெராக்ஸ் கடைக்கும் ஒரு பல் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் இருக்கிற ஒற்றை அறை. ஒரு மேஜை, மூன்று பிளாஸ்டிக் நாற்காலி, தலையை ஆட்டிக்கொண்டே சுற்றும் ஒரு மின்விசிறி, சுவரில் சாலைக் குறிகள் அச்சடித்த பெரிய படம். பல் பிடுங்க வந்தவர்கள் தவறிப்போய் இங்கே வந்து உட்கார்வதும், வண்டி கற்க வந்தவர்கள் அங்கே போய் உட்கார்வதும் உண்டு. இரண்டு இடத்திலும் முகங்கள் ஒரே மாதிரிதான் இருக்கும் என்பதால் யாரும் சட்டென்று கண்டுபிடிப்பதில்லை.

டிரைவிங் ஸ்கூல் காரில், பக்கத்து சீட்டுக்குக் கீழேயும் ஒரு கிளட்ச்சும் ஒரு பிரேக்கும் வைத்திருப்பார்கள். கற்றுக்கொள்கிறவர் தப்புச் செய்தால் பக்கத்தில் இருக்கும் மாஸ்டர் மிதிப்பதற்கு. தப்புச் செய்த பிறகு மிதிப்பது மற்ற மாஸ்டர்களின் வழக்கம். நம் மாஸ்டர், தப்பு நடந்துவிடுமோ என்று சந்தேகம் வந்தாலே மிதித்துவிடுவார். சந்தேகம் அவருக்கு வண்டியில் ஏறும்போது வரும், இறங்கும்போது போகும். நடுவில் எதிரே ஒரு காலி சாலை நீண்டு கிடந்தாலும் அவர் வலது கால் சும்மா இருக்காது. காலியாக இருக்கிறதே, ஏன் காலியாக இருக்கிறது என்று ஒரு மிதி மிதிக்கும். நேரில் 'மாஸ்டர்' என்றும் முதுகுக்குப் பின்னால் 'பிரேக் மாஸ்டர்' என்றும் அவரைக் கூப்பிடுகிறார்கள். அவர் இரண்டையும் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டார்.

இப்படியே வருஷக்கணக்கில் மிதித்து மிதித்து, அந்தக் கால் மாஸ்டரின் சொல் பேச்சைக் கேட்பதை எப்போதோ நிறுத்திவிட்டது. பஸ்ஸில் உட்கார்ந்தால் முன் சீட்டுக் கம்பியை மிதிக்கும். சினிமாவில் கார் துரத்தல் வந்தால் முன்னால் இருப்பவரின் இடுப்பை மிதிக்கும். வீடு மாற்றலாமா, பெண்ணை நீச்சல் வகுப்பில் சேர்க்கலாமா என்று மனைவி பேச்சை ஆரம்பித்தால், சாப்பாட்டு மேஜைக்கு அடியில் டொக்கென்று ஒரு சத்தம் கேட்கும். அதற்குப் பிறகு மாஸ்டர் வாயைத் திறந்து பதில் சொல்லத் தேவையில்லை.

மனைவியை மாணவர்கள் 'மாஸ்டரம்மா' என்பார்கள். ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி போட்டு ரத்தம் எடுப்பது அவர் வேலை. "எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே காரியத்தை முடித்துவிடுவார். கல்யாணமான புதிதில் மாஸ்டர் அவருக்கு வண்டி சொல்லிக் கொடுத்தார். ஒரு மாதம் ஆகியும் வண்டி தெருமுனையைத் தாண்டவில்லை. மாஸ்டரம்மா சண்டை போடவில்லை. மார்க்கெட் பக்கத்தில் இருந்த இன்னொரு டிரைவிங் ஸ்கூலில் போய்ச் சேர்ந்து, முதல் தடவையிலேயே தேர்வில் தேறி, லைசன்ஸைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜைமேல் வைத்தார். "அடிப்படையெல்லாம் நான் போட்டது" என்று மாஸ்டர் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

குடும்பத்தோடு வெளியே போனால் ஓட்டுவது மாஸ்டரம்மாதான். காரணம் கொஞ்சம் வெட்கக்கேடானது. பக்கத்து சீட்டிலேயே காலம் தள்ளியதில், ஸ்டீயரிங்குக்கு முன்னால் உட்கார்ந்தால் மாஸ்டருக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது. ஊருக்கே ஓட்டக் கற்றுக் கொடுக்கும் மனிதருக்கு ஓட்ட வராது என்ற உண்மை அந்த வீட்டின் நான்கு பேருக்கு மட்டும்தான் தெரியும். நால்வரில் கடைசி ஆள், ஐந்து வயதுப் பையன், அதையும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். யாரும் நம்பவில்லை என்பது மாஸ்டரின் நல்ல காலம்.

கதை அவனைப் பற்றியது அல்ல. அவனுடைய அக்காவைப் பற்றியது. அவளுக்குப் பத்து வயது.

கோடை வந்தால் டிரைவிங் ஸ்கூலுக்குப் பூட்டுதான். அந்த வெயிலில், மூடிய காருக்குள் மாஸ்டரின் பக்கத்தில் உட்கார்ந்து திட்டு வாங்க யாரும் காசு கொடுத்து வருவதில்லை. அதனால் வருஷா வருஷம் ஸ்கூல் காரிலேயே நாலு நாள் ஊர் சுற்றக் கிளம்புவார்கள். போன கோடையில், நெடுஞ்சாலை ஓரமாக இருந்த ஒரு தண்ணீர் விளையாட்டுப் பூங்காவில் நிறுத்தினார்கள். அங்கே மூடிய குழாய்ச் சறுக்கு ஒன்று உண்டு. மாடி உயரத்திலிருந்து வளைந்து வளைந்து கீழே ஒரு குளத்தில் வந்து விழும். பெரியவள் தானாக மேலே ஏறினாள், வரிசையில் நின்றாள், அவள் முறை வந்ததும் குழாயின் வாயில் கால் நீட்டி உட்கார்ந்தாள். கீழேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தார் மாஸ்டர். வலது கால் மிதித்தது. மிதிக்க அங்கே ஒன்றும் இல்லை. எனவே வாய் அந்த வேலையை எடுத்துக்கொண்டது.

"நிறுத்து! நிறுத்து! விடாதீங்க! புள்ளைய இறக்குங்க!"

அவர் போட்ட சத்தத்தில் பூங்காவே திரும்பிப் பார்த்தது. மேலே இருந்த ஊழியர் பயந்துபோய்ப் பெண்ணை எழுப்பிவிட்டார். அவள் வந்த படி வழியாகவே, வரிசையில் நின்ற அத்தனை பிள்ளைகளையும் தாண்டி, ஒவ்வொரு படியாக இறங்கி வந்தாள். சில பிள்ளைகள் சிரித்தார்கள். சிலர் பாவம் என்று பார்த்தார்கள். இரண்டாவதுதான் அதிகம் எரிந்தது.

இத்தோடு நின்றிருந்தால் அவள் மறந்திருப்பாள். ஆனால் கீழே வந்ததும், சுற்றி நின்றவர்கள் என்ன ஏது என்று கேட்க, மாஸ்டர் கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னார்: "புள்ள பயந்துட்டா."

ஐஸ்கிரீம் கடையில் சொன்னார். தங்கும் விடுதியில் சொன்னார். ராத்திரி போனில் தன் அக்காவிடம் சொன்னார். மாஸ்டரின் அக்காவிடம் ஒரு விஷயத்தைச் சொல்வதும் பேப்பரில் போடுவதும் ஒன்றுதான், பேப்பர் மறுநாள்தான் வரும் என்பதைத் தவிர. ஊர் திரும்புவதற்குள் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் தெரிந்துவிட்டது. அத்தை பிள்ளைகள், சித்தப்பா பிள்ளைகள் எல்லாம் கூடி அவளுக்குப் 'படிக்கட்டு' என்று பேர் வைத்துவிட்டார்கள். விருந்துக்குப் போனால், "படிக்கட்டு வந்தாச்சு, வழி விடுங்க" என்று ஒரு கும்பல் சிரிக்கும். மாஸ்டரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். நல்ல மனிதர், சபை நாகரிகம் தெரிந்தவர்.

பெரியவள் அழவில்லை, மறுத்துப் பேசவில்லை. ஒன்றே ஒன்று செய்தாள். அதுவரை, "அப்பா, நீ வா, நீ போ, நீ சும்மா இரு" என்று கழுத்தைக் கட்டிக்கொண்டு பேசிய பெண், அந்தக் கோடையிலிருந்து, "அப்பா, நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்க ஆரம்பித்தாள். மாஸ்டருக்கு முதலில் பெருமையாக இருந்தது. பெண்ணுக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று நினைத்தார். பிறகுதான் உறைத்தது. பள்ளிக்கூடத்துச் சுற்றுலாவா, தோழி வீட்டு விசேஷமா, எதற்கும் அவள் இப்போது அம்மாவிடம்தான் கேட்கிறாள். "அப்பா, நீயும் வரியா?" என்ற கேள்வி கடைசியாக எப்போது காதில் விழுந்தது என்று அவருக்கே நினைவில்லை. வீட்டில் தனக்கு மட்டும் மரியாதை கூடிக்கொண்டே போவது அவருக்கு உள்ளுக்குள் வலித்தது. யாரிடம் போய்ச் சொல்வது? அக்காவிடமா?

இந்தக் கோடையில் கிளம்பும் முன் மாஸ்டரம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"போற வழியில அதே இடத்துல நிறுத்தறோம். அவ சறுக்கணும். நீங்க வாயத் தொறக்கக் கூடாது. கை காட்டக் கூடாது. விசில் அடிக்கக் கூடாது."

"நான் என்ன சின்னப் புள்ளையா?"

"சின்னப் புள்ளைன்னா பிரச்சினையே இல்லையே. ஐஸ்கிரீம் வாங்கிக் குடுத்து உக்கார வெச்சிருப்பேன்."

மாஸ்டர் நெஞ்சில் கைவைத்து வாக்குக் கொடுத்தார். பின் சீட்டில் படக்கதை படித்துக்கொண்டிருந்த பெரியவள் தலையைத் தூக்காமலே, "பார்க்கலாம்" என்றாள்.

ஸ்கூல் காரில் பயணம் போவதில் ஒரு சௌகரியக் குறைவு உண்டு. கூரைமேல், டிரைவிங் ஸ்கூல் பேரும் அதற்குக் கீழே 'கற்றுக்கொள்பவர்' என்றும் எழுதிய மஞ்சள் பலகை. அதைக் கழற்றலாம் என்றால் திருகாணி துருப்பிடித்து வருஷங்கள் ஆகின்றன. எனவே எத்தனையோ வருஷமாகப் பிழையில்லாமல் ஓட்டும் மாஸ்டரம்மாவைப் பார்த்து, நெடுஞ்சாலையில் போகிற வருகிறவர்கள் எல்லாம் ஒதுங்கிப் போனார்கள். சிலர் தைரியம் சொன்னார்கள். சிலர் கும்பிடு போட்டார்கள்.

மாஸ்டர் மிதித்த மிதியில் வண்டி இரண்டு தடவை நடு ரோட்டில் அணைந்தது. இரண்டாவது தடவை பக்கத்தில் வந்து நின்ற லாரிக்காரர், மேலேயிருந்து எட்டிப் பார்த்தார்.

"பதறாதீங்கம்மா. புதுசுல எல்லாருக்கும் இப்படித்தான் அணையும். கிளட்ச்ச முழுசா மிதிங்க." பிறகு மாஸ்டரைப் பார்த்து, "என்ன மாஸ்டர், காசு வாங்கறீங்க இல்ல, கொஞ்சம் பொறுமையா சொல்லிக் குடுங்க" என்றார்.

"நல்லாக் கேட்டுக்கங்க" என்று மாஸ்டரம்மா சொன்னது லாரிக்காரரிடம் இல்லை. மாஸ்டர் முகத்தில் ஈயாடவில்லை.

பூங்காவுக்கு வந்து சேர்ந்ததும், வண்டி நிறுத்துமிடத்துக் காவலாளி கூரைப் பலகையை அண்ணாந்து படித்தார். "கத்துக்கறவங்களா? அந்தக் கடைசிக்குப் போயிடுங்க. இங்க நல்ல வண்டியெல்லாம் நிக்குது" என்று, நிழலே இல்லாத ஒரு மூலைக்கு அனுப்பிவைத்தார்.

உள்ளே பருத்தித் துணியோடு தண்ணீரில் இறங்கக் கூடாது என்று சட்டம். மாஸ்டர் வாடகைக்கு ஒரு நைலான் அரைக்கால் சட்டை எடுத்தார். ஆரஞ்சு நிறம். அவருக்கு முன்னால் அதைப் போட்டவர் நல்ல தொந்திக்காரர் என்பது நாடா இழுத்து இழுத்துக் கட்டும்போது தெரிந்தது. செருப்பையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். சிமெண்டுத் தரை வெயிலில் கொதித்தது. அரைக்கால் சட்டையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலாகத் தூக்கித் தூக்கி அவர் குளத்தங்கரைக்கு ஓடியதைப் பார்த்துச் சின்னவன், "அப்பா டான்ஸ் ஆடறாரு!" என்று கைதட்டினான். உற்சாகமாக இருக்கிற ஒருவனை எதற்குத் திருத்துவது என்று மாஸ்டரம்மாவும் விட்டுவிட்டார்.

முதலில் சிறு பிள்ளைகளின் குளம். முழங்கால் அளவுத் தண்ணீர், குளோரின் வாடை, நடுவில் கம்பத்தின்மேல் ஒரு பெரிய வாளி. வாளி நிரம்பினால் கவிழும், பிள்ளைகள் எல்லாம் கத்திக்கொண்டு அதன் அடியில் ஓடும். மாஸ்டருக்கு அந்தக் காட்சி பொறுக்கவில்லை. நாலு பக்கமிருந்தும் ஓடி வருகிறார்கள், யாரும் பின்னால் பார்ப்பதில்லை, திரும்பும்போது கை காட்டுவதில்லை. வாக்குக் கொடுத்தது பெரிய சறுக்கைப் பற்றித்தானே, இதைப் பற்றி இல்லையே என்று தனக்குத்தானே விளக்கம் சொல்லிக்கொண்டு இடுப்பில் கைவைத்து நடுவில் நின்றார்.

"ஏய் நீலச் சட்டை, நில்லு. அந்தப் பாப்பா போகட்டும். ஆங், இப்ப நீ வா. மெதுவா. மெதுவா!"

கொஞ்ச நேரத்தில் வாளிக்கடியில் வரிசை உருவாகிவிட்டது. வேறு யார் குடும்பத்திலோ ஒரு அம்மா வந்து, "சார், துணி மாத்தற ரூம் எங்க இருக்கு?" என்று கேட்டார். இன்னொருவர், தண்ணீர் அழுக்காக இருப்பதாகப் புகார் சொன்னார். மாஸ்டர் இரண்டு பேருக்கும் தக்க பதில் சொன்னார். அந்த நேரம், உள்ளபடியே, அவர் சந்தோஷமாக இருந்தார்.

திரும்பிப் பார்த்தபோது பெரியவளைக் காணவில்லை.

"மேல போயிட்டா" என்றார் மாஸ்டரம்மா, சின்னவன் தலையைத் துவட்டிக்கொண்டே. "நீங்க இங்கயே இருங்க."

"இருக்கேன், இருக்கேன். சும்மா அந்தப் பக்கம் நிழல்ல நிக்கிறேன்."

நிழல், குழாய்ச் சறுக்கின் படிக்கட்டுக்குக் கீழே இருந்தது. மாஸ்டர் அங்கே போய் நின்றார். பெண் தெரியவில்லை. சரி, நாலு படி ஏறினால் தெரியும். ஏறினார். இன்னும் நாலு படி. வாயைத் திறக்கக் கூடாது என்றுதான் பேச்சு, ஏறக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. வழியில் நின்ற பிள்ளைகள், ஆரஞ்சு அரைக்கால் சட்டை போட்ட பெரியவர் ஒருவர் மூச்சு வாங்க ஏறுவதைப் பார்த்து, ஊழியர் என்று நினைத்து ஒதுங்கினார்கள். அப்படியே உச்சிக்கு வந்துவிட்டார்.

உச்சியில், குழாயின் வாய்க்குப் பக்கத்தில், கழுத்தில் விசில் தொங்க ஒரு அம்மா நின்றுகொண்டிருந்தார். போன வருஷத்து ஊழியர் இல்லை, இவர் வேறு. கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல். பெரியவளின் முறைதான் வந்திருந்தது. உட்காரப் போனவள், காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினாள். அப்பாவைப் பார்த்தாள்.

அந்த முகத்தில் கோபம் இருந்திருந்தால்கூட மாஸ்டர் தாங்கியிருப்பார். ஆச்சரியம்கூட இல்லை. 'தெரியும், வருவீங்கன்னு தெரியும்' என்று மட்டும் இருந்தது. அவள் ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து, படிக்கட்டுப் பக்கம் ஒதுங்கி நின்றாள்.

மாஸ்டர் நழுவிய அரைக்கால் சட்டையை இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க யாரு?" என்றார் விசில் அம்மா.

"நான்... அப்பா."

"அப்பான்னா? புள்ளய இறக்கிட்டுப் போக வந்தீங்களா?"

"இல்ல இல்ல!" மாஸ்டர் பதறினார். ஏதாவது சொல்லியாக வேண்டும். "நானும் சறுக்கத்தான் வந்தேன்."

வாயிலிருந்து வந்த பிறகுதான் அவருக்கே கேட்டது. பெரியவள் நிமிர்ந்து பார்த்தாள். விசில் அம்மாவுக்கு இதிலெல்லாம் அக்கறை இல்லை.

"அப்ப முதல்ல நீங்க போங்க. வரிசை நிக்குது பாருங்க. படுங்க. கையக் கட்டிக்கங்க. கீழ ஆள் வந்ததும் இங்க பச்ச விளக்கு எரியும், அப்பதான் அடுத்த ஆள விடுவேன். போங்க!"

தள்ளிவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும்.

உள்ளே ஒரே இருட்டு. முதுகுக்கடியில் தண்ணீர் ஓடியது, மாஸ்டர் அதைவிட வேகமாக ஓடினார். முதல் வளைவு. அவர் வாழ்நாளில் யாரையும் இந்த வேகத்தில் போக விட்டதில்லை. இரண்டாவது வளைவில் வலது கால் தன் வேலையைத் தொடங்கியது. ஓங்கிச் சுவரில் ஒரு மிதி. துணைக்கு இடது காலும், இரண்டு கையும், நாடா கட்டிய அரைக்கால் சட்டையும் சேர்ந்துகொண்டன. மாஸ்டர் நின்றுவிட்டார்.

அந்தச் சறுக்கைக் கட்டிய நாளிலிருந்து அதற்குள் யாரும் வண்டி நிறுத்தியதில்லை. நிற்கவே முடியாதபடிதான் கட்டியிருந்தார்கள். நம் மாஸ்டரின் காலை மனதில் வைத்து யாரும் கட்டவில்லை.

மேலே விளக்கு சிவப்பாகவே இருந்தது. கீழே சின்னவன் குழாயின் வாயைப் பார்த்துக்கொண்டு, "அம்மா, அப்பா எப்ப வருவாரு?" என்று கேட்டான். வரிசை படிக்கட்டில் நீண்டுகொண்டே போனது. விசில் அம்மா குழாய்க்குள் தலையை விட்டு விசில் அடித்தார். உள்ளே மாஸ்டரின் இரண்டு காதும் அடைத்துக்கொண்டன. முதுகுக்குப் பின்னால் தண்ணீர் தேங்கித் தோள்வரை ஏறியது. காலை எடுத்தால் போதும் என்று அவருக்குத் தெரியும். கால் வரமாட்டேன் என்றது.

அப்போது மேலேயிருந்து பெண்ணின் குரல் குழாய் வழியாக இறங்கி வந்தது. மிகப் பக்கத்தில், காதோரமாகப் பேசுவதுபோல் கேட்டது.

"அப்பா? எங்க இருக்கீங்க?"

"இங்கதான். நடுவுல."

"என்ன பண்றீங்க?"

"நிறுத்தியிருக்கேன்."



"இங்கல்லாம் நிறுத்தக் கூடாதுப்பா. காலை எடுங்க."

"எடுக்கறேன். கொஞ்சம்... தரை வழுக்குது."

"அது சறுக்கு. வழுக்கத்தான் செய்யும்."

"தெரியும், தெரியும்."

"அப்பா, பயமா இருக்கா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். தண்ணீர் வாய்க்குள் போனது. துப்பினார். இருட்டில், நைலான் அரைக்கால் சட்டையில், யாரும் பார்க்காத இடத்தில், யாரிடம் என்ன கௌரவத்தைக் காப்பாற்றுவது?

"ஆமா" என்றார்.

"போன வருஷமும்?"

மாஸ்டர் வாய்க்கு வந்த தண்ணீரை இன்னொரு தடவை துப்பினார்.

"ஆமா."

"அப்ப ஏன் நான் பயந்தேன்னு சொன்ன?"

மாஸ்டர் பதில் தேடினார். நல்ல பதில் ஒன்று கிடைத்தால் சொல்லிவிட்டுப் போகலாம் என்று உண்மையாகவே தேடினார். கிடைக்கவில்லை. தன் பெண் ஒரு வருஷமாக இந்த ஒரு கேள்வியை வாய்க்குள் வைத்துக்கொண்டு, 'நீங்க சாப்பிட்டீங்களா' என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள் என்பதுதான் புரிந்தது. நெஞ்சுக்குள் ஏதோ விட்டுப்போனது. கூடவே காலும் விட்டுப்போனது.

அதுவரை தேங்கியிருந்த தண்ணீர் மொத்தமும் அவரைச் சுருட்டிக்கொண்டு கிளம்பியது. மீதி வளைவுகளில் மாஸ்டர் என்னென்ன கத்தினார் என்பதைக் கீழே நின்ற கூட்டம் முழுக்கக் கேட்டது, எழுதுகிற மாதிரி இல்லை. குழாய் அவரைக் கீழே குளத்தில் கொண்டுபோய்க் கொட்டியது. எழுந்தபோது தண்ணீரெல்லாம் மூக்கு வழியாக வந்தது. கூட்டம் கைதட்டியது. மாஸ்டரம்மா கரையில் உட்கார்ந்து, சிரிப்பை அடக்க முடியாமல் துண்டால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார்.

மேலே பச்சை எரிந்தது. சற்று நேரத்தில் பெரியவள் வந்து விழுந்தாள். கத்தவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, ஓர் அம்பு வருவதைப்போல் நேராக வந்து விழுந்து, எழுந்து, முகத்தைத் துடைத்தாள். அப்பா பக்கம் பார்க்காமலே மறுபடி படிக்கட்டைப் பார்த்து ஓடினாள். அப்புறம் இன்னொரு தடவை. அப்புறம் இன்னொரு தடவை. பூங்காவை மூடும்வரை அவள் ஏறினாள், விழுந்தாள். மாஸ்டர் கரையில் உட்கார்ந்து, வீங்கத் தொடங்கியிருந்த வலது காலைத் தடவிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் கால் இழுத்தது. ஒவ்வொரு தடவையும் அதைக் கையால் பிடித்துக்கொண்டார்.

பூங்காவிலிருந்து கிளம்பும்போது மாஸ்டரம்மா, பக்கத்து சீட்டில் ஈரத்துணிப் பையைத் தூக்கி வைத்தார்.

"அங்க நான்..." என்று ஆரம்பித்தார் மாஸ்டர்.

"பை பிரேக் போடாது. நீங்க பின்னாடி ஏறுங்க."

பின் சீட்டில் ஒரு பக்கம் சின்னவன், ஏறியதும் தூங்கிவிட்டான். மறுபக்கம் பெரியவள், ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு. நடுவில் மாஸ்டர். வண்டி அணையாமல், குலுங்காமல், வெண்ணெய்போல் ஓடியது. இந்த வண்டி இப்படிக்கூட ஓடுமா என்று மாஸ்டருக்கே ஆச்சரியம். வெளியே சொல்லவில்லை.

அப்போது போன் அடித்தது. அக்கா. அக்காவின் குரலுக்கு ஸ்பீக்கர் எல்லாம் தேவையில்லை, போனே கொஞ்சம் அதிகம்தான்.

"என்னடா, எப்படி இருந்துச்சு? படிக்கட்டு இந்த வருஷமாவது சறுக்குச்சா, இல்ல மறுபடியும் படி வழியாத்தானா?"

பெரியவள் திரும்பவில்லை. ஆனால் அவள் காது இங்கேதான் இருந்தது. முன்னால் கண்ணாடியில் மாஸ்டரம்மாவின் கண் ஒரு தடவை வந்துபோனது.

"சறுக்கினா, அக்கா. நிறைய தடவ."

"அட! பயம் போயிடுச்சா?"

ஆமாம் என்றால் முடிந்தது. எல்லோருக்கும் சந்தோஷம். அக்கா இப்போதே எல்லோருக்கும் போன் போட்டு, படிக்கட்டுக்குப் பயம் தெளிந்த கதையைச் சொல்லிவிடுவார், பட்டப்பேரும் மெல்ல மறைந்துவிடும். எவ்வளவு வசதியான வார்த்தை! மாஸ்டரின் கால் மெல்ல அழுத்தத் தொடங்கியது.

"இல்லக்கா" என்றார். "அவளுக்குப் பயம் எப்பவுமே இல்ல. போன வருஷம் பயந்தது நான். கீழ நின்னு கத்தி இறக்கினது நான். அவ பயந்துட்டான்னு சொன்னது பொய்."

அக்கா பேசவில்லை. இப்படி ஒன்று நடந்ததாக அந்தக் குடும்பத்தில் யாருக்கும் நினைவில்லை.

"இன்னைக்கும் நான்தான் குழாய்க்குள்ள மாட்டிக்கிட்டேன். அவதான் பேசிப் பேசி எறக்கினா."

"என்னடா சொல்ற..." அக்காவின் குரல் முதல் தடவையாகத் தாழ்ந்தது. "இத நான் யார்கிட்டயாவது சொல்லலாமா?"

"எல்லார்கிட்டயும் சொல்லுக்கா. உன்ன விட்டா எனக்கு யாரு இருக்கா?"

மாஸ்டர் போனை வைத்தார். மாஸ்டரம்மா ஹாரன் அடிக்காமல் ஒரு சைக்கிளைத் தாண்டினார். மாஸ்டர், பெண்ணின் பக்கம் பார்க்கத் தைரியம் இல்லாமல், ஈரத்துணிப் பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு முன் சீட்டில் நல்ல மரியாதை.

ரொம்ப நேரம் கழித்து, ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பாமலே பெரியவள் சொன்னாள்:

"அடுத்த வருஷம் நான் முன்னாடி போறேன். நீ பின்னாடி வா."

"ஏம்மா?"

"நீ முன்னாடி போனா வழிய அடைச்சுக்கற."

மாஸ்டர் சரி என்று தலையாட்டினார்.

எதிரே ஒரு லாரி வேகமாக வந்தது. மாஸ்டரின் வலது கால், வீக்கத்தோடும், ஓங்கி மிதித்தது. காலுக்கடியில் சின்னவனின் ஈரத்துண்டு கிடந்தது. அதிலிருந்து கொஞ்சம் தண்ணீர் பிதுங்கி வந்தது. வண்டி தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.